கூனி தின்னும் பேருயிர்கள்

2016 ஜனவரிக் கடைசியில் ஜூஹு கடற்கரையில் ஒரு பிரைட்ஸ் திமிங்கிலம் செத்து ஒதுங்கியது. முப்பது அடிக்கு மேல் நீளம். பார்க்க மும்பையே திரண்டது. அதே மாதம் திருச்செந்தூர்ப் பக்கம் மணப்பாடு கடற்கரையில் எண்பதுக்கும் மேற்பட்ட திமிங்கிலங்கள் கூட்டமாகக் கரையேறியிருந்தன. எங்களுக்குப் பூர்வீகம் அந்தப் பக்கம், வீடு தாராவியில். "அங்கேயும் சாவுது, இங்கேயும் சாவுது, கடலுக்கு என்னதான் ஆச்சு?" என்று ஆச்சி கேட்டுக்கொண்டே இருந்தார்.

இரண்டும் வேறு வேறு வகை. மணப்பாட்டில் ஒதுங்கியவை பைலட் திமிங்கிலங்கள். பல் உள்ளவை, குடும்பம் குடும்பமாக வாழ்பவை. ஒன்று ஆழமில்லாத தண்ணீரில் மாட்டிக்கொண்டால் மற்றவையும் அதை விட்டுப் போகாமல் கூடவே வந்து மாட்டிக்கொள்ளும். ஜூஹுவில் ஒதுங்கியது பல்லே இல்லாத வகை. நீலத் திமிங்கிலம், துடுப்புத் திமிங்கிலம், கூனல் முதுகுத் திமிங்கிலம் எல்லாம் இந்த இனம்தான். இவற்றைப் பலீன் திமிங்கிலங்கள் என்கிறார்கள். பெரும்பாலும் தனியாகவோ, தாயும் குட்டியுமாகவோ திரிபவை. கரை ஒதுங்குவதும் அநேகமாகத் தனியாகத்தான்.

இவற்றைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அண்டார்டிகாவில், பனிப்பாறைகளுக்கு நடுவே வாழும் விலங்குகள் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். பள்ளிப் பாடமும் தொலைக்காட்சியும் காட்டியது அப்படி. ஆனால் இவற்றில் சில வகைகள் வருடம் முழுக்க நம் பக்கத்துக் கடலிலேயே இருக்கின்றன. இங்கேயே தின்று, இங்கேயே குட்டி போட்டு, இங்கேயே சாகின்றன. மும்பைக்காரர்கள் அவற்றைப் பிணமாக மட்டுமே பார்த்திருக்கிறோம் என்பது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம்.

ஜூஹு படத்தைப் பார்த்த என் அக்கா மகன் அன்று கேட்ட முதல் கேள்வி, "மாமா, இவ்வளவு பெரிய வாயில பல்லு இல்லன்னா எதைத் தின்னும்?" என்பது. சரியான கேள்வி. இந்த உயிரின் உடம்பு முழுக்க அந்தக் கேள்விக்கான பதிலாகத்தான் அமைந்திருக்கிறது.

பல்லுக்குப் பதிலாக மேல்தாடையிலிருந்து வரிசையாகத் தகடுகள் தொங்குகின்றன. அவைதான் பலீன். நம் நகமும் முடியும் எதனால் ஆனதோ அதே கெரட்டினால் ஆனவை. நீலத் திமிங்கிலத்துக்கு ஒரு பக்கத்துக்கு முந்நூறு, நானூறு தகடுகள் வரை இருக்கும், கறுப்பு நிறத்தில். வெளிப்பக்கம் வழவழப்பாக இருக்கும். உள்பக்கம், நாக்கு உரசி உரசித் தேய்ந்து, தேங்காய் நார் போலப் பிரிந்து ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும். தண்ணீர் வெளியே போகும், இரை உள்ளே தங்கும். தேயத் தேய வேரிலிருந்து வளர்ந்துகொண்டே இருக்கும். தாயின் வயிற்றில் இருக்கும் குட்டிக்கு முதலில் பல் அரும்புகள் முளைத்து, பிறகு அவை கரைந்துபோய், அப்புறம்தான் பலீன் வருகிறது. இவற்றின் மூதாதைகள் பல்லோடு வாழ்ந்தவை என்பதற்கு இதைவிட நேரடியான தடயம் வேண்டாம்.

அந்த மூதாதைகளின் கதையும் நம் பக்கத்துக் கதைதான். குஜராத்தின் கட்ச் பகுதிப் பாறைகளில் 4 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழமையான திமிங்கில எலும்புகள் கிடைத்திருக்கின்றன. இன்னும் பின்னால் போனால் காஷ்மீர். புவியியலாளர் ரங்கா ராவ் அங்கே சேகரித்து வைத்திருந்த பாறைகளிலிருந்துதான் இண்டோஹையஸ் என்ற சிறிய குளம்பு விலங்கின் எலும்புகள் வெளிப்பட்டன. அது திமிங்கிலங்களின் நெருங்கிய உறவு என்று 2007-இல் ஹான்ஸ் தீவிசன் குழு அறிவித்தது. இந்தியத் துணைக்கண்டத்துக்கும் ஆசியாவுக்கும் நடுவே இருந்த ஆழமற்ற கடலில் இறங்கிய விலங்குகளின் வம்சம் இது.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதில்தான் அதிசயம் அதிகம். எல்லாப் பலீன் திமிங்கிலங்களும் ஒரே மாதிரி சாப்பிடுவதில்லை. ஆர்க்டிக்கில் வாழும் வில்தலைத் திமிங்கிலம் வாயைத் திறந்தபடியே மெதுவாக நீந்திக்கொண்டு போகும். அதன் பலீன் தகடு 4 மீட்டர் வரை வளரும். சாம்பல் திமிங்கிலம் கடலடிச் சேற்றை ஒரு பக்கமாகச் சாய்ந்து உறிஞ்சும். நம் கடலில் உள்ளவை மூன்றாவது ரகம். இவற்றுக்குத் தாடையிலிருந்து தொப்புள் வரை தொண்டையில் நீளநீளமாக மடிப்புகள் இருக்கும். இரை அடர்ந்த இடத்தைக் கண்டதும் வேகமெடுத்துப் பாய்ந்து, வாயைக் கிட்டத்தட்ட செங்குத்தாகப் பிளக்கும். சில நொடிகளில் மடிப்புகள் விரிந்து, தன் எடைக்கு ஈடான தண்ணீர், சில சமயம் அதற்கும் மேலே, உள்ளே வந்துவிடும். பிறகு வாயை மூடி, அந்தத் தண்ணீர் முழுவதையும் பலீன் வழியாக வெளியே தள்ளும். மிச்சத்தை விழுங்கும். மறுபடி பாயும்.

இதைச் செய்ய உடம்பு எவ்வளவு மாற வேண்டியிருந்தது என்று பாருங்கள். கீழ்த்தாடையின் இரண்டு எலும்புகளும் நடுவில் ஒட்டியிருப்பதில்லை, தனித்தனியே விரியும். அந்த இணைப்பில் ஒரு உணர்வுறுப்பு இருக்கிறது. வாயின் விரிவை அது மூளைக்குச் சொல்கிறது என்று 2012-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். நாக்கு தளர்ந்து பின்னுக்கு மடங்கி, தொண்டைப் பையின் உள்சுவராகவே மாறிவிடும். நம் உடம்பில் நரம்பை இழுத்தால் காயம்பட்டுவிடும். இவற்றின் வாயடி நரம்புகளோ இரண்டு மடங்கு நீண்டு, ஒரு சேதமும் இல்லாமல் பழைய நிலைக்குச் சுருங்குகின்றன. அவ்வளவு வேகத்தில் வாய்க்குள் பாயும் தண்ணீர் ஏன் நுரையீரலுக்குள் போவதில்லை என்பதற்கு விடை 2022-இல் கிடைத்தது. கொழுப்பும் தசையும் சேர்ந்த ஒரு அடைப்பு தொண்டையை மூடிக்கொள்கிறது. விழுங்கும்போது மட்டும் நகர்ந்து வழி விடுகிறது. உணவுக்குழாயோ சிறியது. இவ்வளவு பெரிய விலங்கால் ஒரு மனிதனை விழுங்க முடியாது.

ஒவ்வொரு பாய்ச்சலும் பெரும் செலவு. தண்ணீர் வாய்க்குள் நுழைந்ததுமே உடம்பின் வேகம் சட்டென்று குறைந்துவிடும், மீண்டும் ஒன்றுமில்லாமல் தொடங்க வேண்டும். ஆகவே இரை சிதறிக் கிடந்தால் கட்டுப்படியாகாது. கடலில் எங்கே இரை நெருக்கமாகக் குவிகிறதோ அங்கே மட்டும்தான் இந்த உடம்பு பிழைக்க முடியும். இந்தக் கணக்கு புரிந்தால் மற்ற எல்லாமே புரியும். ஏன் இவ்வளவு பெரிய உடல்? ஒரு குவியலிலிருந்து அடுத்த குவியலுக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போக வேண்டும், வழியில் உடம்பில் சேர்த்த கொழுப்பில் ஓட வேண்டும். பெரிய உடல் அதற்கு வசதி. திமிங்கிலங்கள் தோன்றிப் பல கோடி ஆண்டுகள் ஆனாலும் இந்தப் பிரம்மாண்ட அளவு வந்தது கடைசிச் சில பத்து லட்சம் ஆண்டுகளுக்குள்தான். கடலடிக் குளிர்நீர் பருவம் பார்த்து மேலேறி, உணவு ஓரிடத்தில் குவியத் தொடங்கிய காலம் அது.

நீலத் திமிங்கிலத்தின் அளவுகள் பலருக்கும் தெரிந்தவை. 30 மீட்டர் வரை நீளம், 150 டன்னைத் தாண்டும் எடை. பூமியில் நாம் அறிந்த வரை இதைவிடக் கனமான விலங்கு இருந்ததில்லை. பெண்தான் ஆணைவிடப் பெரிது. குட்டி பிறக்கும்போதே 7 மீட்டர் இருக்கும், தாய்ப்பாலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொழுப்பு, ஒரு நாளைக்கு 90 கிலோ வரை எடை கூடும். இந்த எண்களைவிட என்னை உலுக்கியது அதன் இதயத்துடிப்பு. கலிஃபோர்னியாவின் மாண்டரே விரிகுடாவில் ஒரு நீலத் திமிங்கிலத்தின் உடம்பில் உறிஞ்சு கிண்ணங்களால் கருவியை ஒட்டி, 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆழத்தில் இருக்கும்போது நிமிடத்துக்கு 4 முதல் 8 துடிப்பு, சில கணங்களில் 2 வரை இறங்கியிருக்கிறது. மூச்சு வாங்க மேலே வந்ததும் 25-இலிருந்து 37. அந்த மேல் அளவுக்கு மேலே அந்த இதயத்தால் துடிக்கவே முடியாது என்று நினைக்கிறார்கள்.

இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது, உயிரோடு இருக்கும் ஒரு திமிங்கிலத்திடமிருந்து ஒரு தகவலைப் பெற எவ்வளவு பொறுமை வேண்டியிருக்கிறது என்பதுதான். இவற்றைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி செத்த உடல்களிலிருந்து வந்தது. காது அழுக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். பலீன் திமிங்கிலத்தின் காதுக்குழாய் வெளியே திறப்பதில்லை. அதனால் மெழுகு வாழ்நாள் முழுக்க உள்ளேயே படலம் படலமாகச் சேரும். அதை அறுத்துப் படலங்களை எண்ணி வயதைச் சொல்கிறார்கள். வயது மட்டுமல்ல, எந்தப் பருவத்தில் அது எவ்வளவு மன அழுத்தத்தில் இருந்தது, எந்தெந்த நச்சுகள் உடம்பில் சேர்ந்தன என்பதையும் 2013-இல் ஒரு நீலத் திமிங்கிலத்தின் காது மெழுகிலிருந்து படித்தார்கள். தாயிடமிருந்து பாலோடு வந்த பூச்சிமருந்தும் அதில் பதிவாகியிருந்தது.

சரி, நம் கடலுக்கு வருவோம். பசிபிக்கிலும் அட்லாண்டிக்கிலும் கூனல் முதுகுத் திமிங்கிலங்கள் கோடையில் துருவப் பக்கம் போய்த் தின்று கொழுக்கும், குளிர்காலத்தில் வெப்பக் கடலுக்கு வந்து குட்டி போடும். அரபிக்கடலிலிருந்து வடக்கே போக வழியில்லை, நிலம் அடைத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் போக வேண்டிய தேவையும் இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது ஓமன், சோமாலியா, கேரளக் கரைகளை ஒட்டிக் கீழேயிருக்கும் குளிர்ந்த, சத்துள்ள தண்ணீர் மேலே ஏறுகிறது. மிதவை உயிர்கள் பெருகுகின்றன, மத்தி பெருகுகிறது. மும்பையில் தண்டவாளத்தை முங்கடிக்கும் அதே பருவக்காற்றுதான் திமிங்கிலங்களுக்கும் சோறு போடுகிறது. அதனால் அரபிக்கடலின் கூனல் முதுகுத் திமிங்கிலங்கள் துருவத்துக்குப் போவதே இல்லை. சுமார் 70,000 ஆண்டுகளாக மற்ற கூட்டங்களோடு கலக்காமல் தனித்து வாழ்கின்றன என்று மரபணு ஆய்வு சொல்கிறது. ஓமன் கரையோரம் கணக்கெடுத்தபோது நூற்றுக்கும் குறைவாகவே தேறின.

ஏன் அவ்வளவு குறைவு என்பதற்கு ஒரு கொடுமையான காரணம் உண்டு. 1965, 1966 ஆண்டுகளில் சோவியத் வேட்டைக் கப்பல்கள் அரபிக்கடலில் 242 கூனல் முதுகுத் திமிங்கிலங்களைக் கொன்றன. சர்வதேச விதிகளுக்கு எதிரான வேட்டை அது, கணக்கும் மறைக்கப்பட்டது. அந்தக் கப்பல்களில் உயிரியலாளராக இருந்த யூரி மிகாலேவ் உண்மையான எண்ணிக்கையைப் பாதுகாத்து, சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு வெளியிட்டார். கொல்லப்பட்ட பெண் திமிங்கிலங்களில் பலவும் சினையாக இருந்தன. வயிற்றில் மீனும், கிரில் என்ற இறால் போன்ற சிற்றுயிரும் இருந்தன, அதாவது இங்கேயே தின்றுகொண்டிருந்தவை. அதே கப்பல்கள் இந்தப் பகுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நீலத் திமிங்கிலங்களையும் கொன்றிருக்கின்றன. 20-ஆம் நூற்றாண்டில் உலகம் முழுக்கக் கொல்லப்பட்டவை ஏறத்தாழ 29 லட்சம். அந்த எண்ணை மனத்தில் நிறுத்த முடியவில்லை. 242 என்பதை நிறுத்த முடிகிறது. இன்று அரபிக்கடலில் மிச்சமிருப்பதைவிட அது அதிகம் என்பதால்.

நல்ல செய்தியும் இருக்கிறது. 2017 நவம்பரில் ஓமனில் ஒரு பெண் கூனல் முதுகுத் திமிங்கிலத்துக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தினார்கள். லுபான் என்று பெயர். அது அரபிக்கடலைக் குறுக்காகக் கடந்து இந்தியாவின் மேற்குக் கரைக்கு வந்தது. அப்படியே தெற்கே இறங்கி, கன்னியாகுமரியைச் சுற்றி, மன்னார் வளைகுடா வரை போனது. பிறகு திரும்பி ஓமனுக்கே போய்ச் சேர்ந்தது. இந்தப் பயணத்தின் வரைபடத்தை நான் எத்தனையோ பேருக்குக் காட்டியிருக்கிறேன். மணப்பாட்டு ஆட்களுக்குக் காட்டும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். செத்தது எதுவும் சொல்லாததை உயிரோடு இருந்த ஒன்று சொல்லிவிட்டது. ஓமன் கூட்டமும் நம் கரையோரத்தில் பார்க்கப்படுபவையும் ஒரே குடும்பம், இரண்டு கரைகளும் அவற்றுக்கு ஒரே வீடு.

நீலத் திமிங்கிலங்களும் அப்படித்தான். இலங்கையின் தெற்குக் கரையில் அவை வெப்பக் கடலிலேயே தின்று வாழ்வதை உலகத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் அந்நாட்டுக் கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸ். 2018-இல் அவர் குழு அந்தத் திமிங்கிலங்களின் சாணத்தை எடுத்து மரபணு பார்த்தது. மற்ற கடல்களில் நீலத் திமிங்கிலம் கிரில் தின்னும். இங்கே பெரும்பாலும் செர்ஜெஸ்டிட் என்ற குடும்பத்து இறால். நம் கூனியும் அந்தக் குடும்பம்தான். கோலி மீனவர்கள் மும்பைக் கரையோரம் ஜவ்லா என்று காயப்போடுவதும் அதுதான். தாராவிக் கடையில் கால் கிலோ கூனி வாங்கி வறுத்துப் பொடித்து வைக்கும் வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. உலகத்தின் மிகப் பெரிய விலங்குக்கு வேண்டியதும் அந்த விரல்நுனி அளவு உயிரின் உறவுதான் என்பதை அறிந்த பிறகு எனக்கு அந்தத் தட்டைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது.

ஜூஹுவில் ஒதுங்கிய பிரைட்ஸ் திமிங்கிலமும் வெப்பக் கடல்வாசிதான். தலையின் மேல் மூன்று நீளமான முகடுகள் இருக்கும், அதை வைத்து அடையாளம் காணலாம். மத்தி, நெத்திலி மாதிரிக் கூட்ட மீன்கள்தான் இதன் இரை. மும்பையின் சசூன் டாக் மீன்பிடித் துறைமுகத்தில் பழக்கமான தூத்தூர்க்காரர் ஒருவர் இருக்கிறார். கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து ஆழ்கடலில் மாதக்கணக்கில் தங்கிப் பிடிப்பவர்கள் அவர்கள். "மீன் கூட்டம் கிடக்கிற எடத்துல அது வரும் அண்ணே. மொதல்ல மூச்சு தெரியும், புகை மாதிரி. காத்து நம்ம பக்கம் அடிச்சா நாத்தம் தாங்காது. நாங்க எஞ்சினை அணைச்சிட்டு நிப்போம், அது பாட்டுக்குப் போயிரும்" என்றார். அந்த மூச்சு வருவது தலைமேல் உள்ள இரண்டு துளைகளிலிருந்து. பல் உள்ள திமிங்கிலங்களுக்கு ஒரே துளைதான்.

அவர் எஞ்சினை அணைப்பது எவ்வளவு பெரிய உபகாரம் என்று அவருக்குச் சொன்னேன். பலீன் திமிங்கிலங்கள் ஒலியால் வாழ்பவை. நீலத் திமிங்கிலத்தின் குரல் நம் காது கேட்கும் எல்லைக்கும் கீழே வரை போகும், தண்ணீரில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரவும். 2024-இல் கோயன் எலமன்ஸ் குழு, கரை ஒதுங்கிச் செத்த திமிங்கிலங்களின் குரல்வளைகளை எடுத்துக் காற்றை ஊதிப் பார்த்து, குரல் எப்படி வருகிறது என்று கண்டுபிடித்தது. குரல்வளையில் ஒரு கொழுப்புத் திண்டு இருக்கிறது, அதன்மேல் மற்றொரு பகுதி அழுந்தி அதிர்கிறது. இந்த அமைப்பு வேலை செய்வது கடலின் மேல்மட்டத்தில், சுமார் 100 மீட்டர் ஆழத்துக்குள்தான். கப்பல்களின் இரைச்சலும் அதே ஆழம், அதே தாழ்ந்த அலைவரிசை. கத்திப் பேசவும் முடியாது, விலகிப் போகவும் முடியாது. மும்பைத் துறைமுகத்துக்கும் நவசேவாவுக்கும் இரவும் பகலும் கப்பல் வந்துகொண்டே இருக்கிறது. ஐரோப்பாவுக்குப் போகும் பெருவழி இலங்கைக்குத் தெற்கே, நீலத் திமிங்கிலங்கள் தின்னும் இடத்தின் ஊடாகவே போகிறது. மோதிச் சாகும் திமிங்கிலங்கள் அங்கே பதிவாகியிருக்கின்றன. எம்எஸ்சி என்ற பெரிய கப்பல் நிறுவனம் 2022-இல் தன் கப்பல்களை இன்னும் தெற்கே தள்ளி ஓட்ட ஆரம்பித்தது. மற்ற நிறுவனங்களும் செய்ய வேண்டும். அதற்காகக் கேட்டுக்கொண்டே இருப்பதை நான் நம் கடமையாகவே நினைக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். திமிங்கிலம் என்றதுமே நம்மவர்கள் அம்பர்கிரிஸ் பற்றித்தான் கேட்கிறார்கள். அது பல் உள்ள எண்ணெய்த் திமிங்கிலத்தின் குடலில் உருவாவது. கணவாயின் அலகு செரிக்காமல் தங்குவதோடு தொடர்புடையது. பலீன் திமிங்கிலத்திடம் அது கிடையாது. இந்தியாவில் அதை வைத்திருப்பதும் விற்பதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

மும்பையிலும் கொங்கண் கரையிலும் இருக்கும் தமிழ் நண்பர்கள் இதை மட்டுமாவது குறித்துவையுங்கள். 2015 ஜூனில் அலிபாக் அருகே ரேவ்தண்டாவில் 42 அடி நீளமுள்ள நீலத் திமிங்கிலம் உயிரோடு கரை ஒதுங்கியது. எவ்வளவோ முயன்றும் பிழைக்கவில்லை. தண்ணீர் தாங்கிய எடையை மண்ணில் அதன் எலும்பும் நுரையீரலும் தாங்காது. கொழுப்புப் போர்வை உடம்புச் சூட்டை வெளியேவிடாது. ஆகவே முதல் சில மணி நேரம்தான் முக்கியம். மகாராஷ்டிர வனத்துறையின் 1926 எண்ணுக்கு உடனே சொல்லுங்கள். ஆட்கள் வரும்வரை உடம்பில் தண்ணீர் ஊற்றுங்கள், மூச்சுத் துளைகளுக்குள் தண்ணீரும் மணலும் போகவிடாதீர்கள். ஈரத் துணியைப் போர்த்தலாம், துளைகளை மூடக் கூடாது. வாலில் கயிறு கட்டி இழுத்தால் முதுகெலும்பு முறியும். மேலே ஏறிப் படம் எடுக்கும் கூட்டத்தைத் தள்ளி நிறுத்துங்கள். படகில் போகிறவர்கள் உயிரோடு ஒன்றைக் கண்டால் எஞ்சினை அணைத்துவிட்டு, தேதி, நேரம், இடம் குறித்து, முடிந்தால் வாலின் அடிப்பக்கம் தெரியும்படி வீடியோ எடுங்கள். கூனல் முதுகுத் திமிங்கிலத்தின் வால் அடியில் உள்ள கறுப்பு வெள்ளைக் கோலம் ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது. ஒரு தெளிவான படம் இருந்தால் அதை ஓமனில் எடுத்த படங்களோடு ஒப்பிட்டு, வந்தது எது என்று பெயரோடு சொல்லிவிட முடியும்.